சம்பளத்தோடு வந்த கூரை

(ராஜபாளையத்தில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொழிலாளர்களுக்கு முதலாளிகள் கட்டிக் கொடுத்த வீடுகளைப் பற்றி இன்று பேசப்போகிறேன். கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ பேசினால் வரலாறு என்று ஒப்புக்கொள்கிறோம். ஒரு நூற்பாலைத் தொழிலாளி முப்பது வருஷம் படுத்து எழுந்த ஓட்டு வீட்டைப் பற்றிப் பேசினால், இதிலென்ன வரலாறு என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த பதிலைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்த ஊரிலிருந்தே தொடங்கலாம். 1927இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை இந்த வழியாக வந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா இங்கே நூற்பாலையை நிறுவினார். கரிசலில் பருத்தி விளைந்தது, ஏற்றிப் போக ரயில் இருந்தது, வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் ராஜபாளையம் மில்லால் பிறந்த ஊர் இல்லை. பழையபாளையமும் புதுப்பாளையமும் சிங்கராஜாக்கோட்டையும் சக்கராஜாக்கோட்டையும், அவற்றின் சாவடிகளும், சங்குச் சத்தம் கேட்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கே இருந்தன. வேலைக்குப் போனவர்கள் அவரவர் தெருவிலிருந்தே போனார்கள். சுற்றுப்பட்டிகளில் இருந்தவர்களைப் பின்னாளில் மில் பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மில் ஊர் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ஆனாலும் இங்கே தெருக்களைப் போட்டது மில் இல்லை.

பேருந்தில் அரைமணி நேரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த வட்டாரத்து நெசவுக் குடும்பங்களின் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் வீட்டின் நடுக்கூடத்தையே தறிக்குழி எடுத்துக்கொண்டிருக்கும். அப்பா தறியில் இருப்பார். அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே அடுப்பையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரிப்பார்கள். சத்திரப்பட்டிப் பக்கம் போனால் பேண்டேஜ் துணி ஓடுகிற விசைத்தறி, வீட்டுச் சுவரை ஒட்டிய கொட்டகையில் இரைந்துகொண்டிருக்கும். நெசவாளியை வறுமை வாட்டியிருக்கிறது, மாஸ்டர் வீவர் ஏய்த்திருக்கிறார், மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறித் தொழில் நின்றிருக்கிறது. அத்தனையும் உண்மை. ஆனால், "நாளைக்கு வேலை இல்லை, வீட்டைக் காலி பண்ணு" என்று ஒரே மூச்சில் அவரிடம் யாரும் சொல்ல முடியாது. வேலை போனாலும் திண்ணை இருக்கும்.

ஆலை வந்ததும் வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்று பிரிந்தன. ஊரை ஒட்டி ஆலை வந்தால் அந்தத் தூரத்தைத் தொழிலாளி நடந்து தீர்த்துக்கொள்வார். ஊரே இல்லாத இடத்தில் ஆலை வந்தால்? அங்கேதான் நம் கதை ஆரம்பிக்கிறது.

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி சகோதரர்கள் 1885இல் பாபநாசத்தில் ஆலை வைத்தது அருவித் தண்ணீருக்காக. தாமிரபரணி மலையிலிருந்து இறங்குகிற வேகத்தில் இயந்திரத்தைச் சுழற்ற முடியும். நிலக்கரிச் செலவு மிச்சம். ஆனால் அருவி இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் ஆள் இல்லை. ஆட்கள் வந்தார்கள், ஆலையை ஒட்டி விக்கிரமசிங்கபுரம் வளர்ந்தது. நம் மாவட்டத்திலேயே 1960களின் தொடக்கத்தில் துலுக்கப்பட்டி அருகே சிமெண்ட் ஆலை வந்தபோதும் இதே காரணம்தான். சுண்ணாம்புக்கல் எங்கே கிடைக்கிறதோ அதற்குப் பக்கத்தில்தான் சூளை போட முடியும். அங்கே எழுந்த குடியிருப்பை இன்றைக்கு ஆர்.ஆர். நகர் என்கிறோம், ராமசாமி ராஜா நகர். ஊருக்குள் மில் வைத்தவரின் பெயரே, ஊருக்கு வெளியே ஒரு புது ஊருக்கு வந்து சேர்ந்தது.

ஆக, கம்பெனி வீடு கட்டுவது பெரும்பாலும் ஆள் தேவைக்காக. இப்படிச் சொல்வதால் கட்டியவர்களின் நல்ல மனசை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். நல்ல மனசும் இருந்தது. இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் 1853இல் பிராட்ஃபோர்டுக்கு வெளியே பெரிய கம்பளி ஆலையைத் திறந்து, அதைச் சுற்றி 800க்கும் மேற்பட்ட கல்வீடுகள் கட்டினார். நகரத்தின் சேரிகளில் காலரா தின்றுகொண்டிருந்த காலம் அது. தன் ஆட்களுக்குத் தண்ணீரும் காற்றும் வெளிச்சமும் கிடைக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பினார். சால்டேர் என்ற அந்த ஊர் 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே மேற்பார்வையாளருக்குப் பெரிய வீடு, சாதாரணத் தொழிலாளிக்குச் சிறிய வீடு. ஊருக்குள் சாராயக் கடை கூடாது. வீட்டோடு கூடவே, எப்படி வாழ வேண்டும் என்ற உத்தரவும் வந்தது.

இதற்கு மறுபக்கத்தை அமெரிக்காவில் பார்க்கலாம். ரயில் பெட்டி செய்த ஜார்ஜ் புல்மன் 1880களில் சிகாகோவுக்குப் பக்கத்தில் தன் பெயரிலேயே ஒரு ஊர் கட்டினார். செங்கல் வீடு, தோட்டம், நூலகம், எல்லாம் கச்சிதம். பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். வியாபாரம் படுத்ததும் அவர் கூலியைக் குறைத்தார், வாடகையைக் குறைக்கவில்லை. கூலி கொடுக்கிற கையே வாடகையையும் வாங்குகிறது. பிடித்தம் போக மிச்சக் காசில் குடும்பம் எப்படி நடக்கும்? 1894இல் வெடித்த வேலைநிறுத்தம் நாட்டின் பெரும்பகுதி ரயில்களை முடக்கியது, ராணுவம் வந்து அடக்கியது. நான்கு வருஷம் கழித்து, 1898இல், இல்லினாய்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்டது. ரயில் பெட்டி செய்ய அனுமதி வாங்கிய கம்பெனிக்கு ஊரை வைத்து நடத்த அதிகாரம் இல்லை, விற்றுவிடு என்றது. அந்த வீடுகளில் ஒரு பகுதி இன்று தேசிய வரலாற்றுப் பூங்காவாகக் காக்கப்படுகிறது.

நம் மக்களின் கதைக்கு வருவோம். நான் நிற்கிற இந்த மேடையைப் பாருங்கள். இதில் பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம் மனசுக்குள் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்களுக்குக் கொடுத்த லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒரு காம்பராவின் அளவு அதுதான். முன்னால் ஆறடியில் ஒரு வராந்தா. அதிலேயே ஒரு மூலையில் மண் சுவர் எழுப்பி அடுப்பு வைத்துக்கொள்வார்கள். புகை போக வழியில்லாமல் காம்பராவுக்குள் திரும்பும், சுவரும் கூரையும் கரியாகும். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் ஜன்னல் வைக்கவும் இடமில்லை. பக்கத்துக் காம்பராவில் குழந்தை இருமினால் இந்தக் காம்பராவில் தூக்கம் போகும். மகனுக்குக் கல்யாணம் என்றால் நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தடுப்பு. அம்மாவும் அப்பாவும் அன்று முதல் வராந்தாவில் படுத்துக்கொள்வார்கள். இந்தப் பத்துக்குப் பன்னிரண்டில் நூறு வருஷத்துக்கு மேல் ஒரு சமூகமே பிறந்து வளர்ந்து செத்திருக்கிறது.

அங்கே தேயிலைத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமை ஆயின, 1992இல் நிர்வாகம் மறுபடி தனியார் கைக்குப் போனது. லயம் லயமாகவே நின்றது. ஏழு பேர்ச் நிலத்தில் தனி வீடு என்ற பேச்சு அண்மைக்காலத்தில்தான் செயலுக்கு வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் மேலும் 10,000 வீடுகளுக்கு அறிவிப்பு. அங்கே தேயிலை கிள்ளுகிற பெண்கள் தனி வீடு என்றதும் முதலில் கேட்கிற கேள்வி, "உறுதி யார் பேரில்?" என்பது. அவர்கள் ஊரில் பத்திரத்தை உறுதி என்பார்கள். சுவரும் கூரையும் அடுத்த பேச்சுதான்.

இந்தக் கேள்வியை ஹார்விபட்டியிடமும் கேட்டுப் பார்க்க வேண்டும். மதுரையிலிருந்து திருமங்கலம் போகிற சாலையில், திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மதுரை மில் தொழிலாளர்களுக்காக விடுதலைக்கு முன்பே ஹார்வி கம்பெனி உருவாக்கிய குடியிருப்பு. மாதத் தவணை கட்டி வந்தால் தொழிலாளியே வீட்டைச் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பது அங்கே செய்த ஏற்பாடு. இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். இதே ஹார்விகளின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908இல் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் நடந்தது. கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டார்கள், வென்றார்கள். அடுப்பு எரியாவிட்டால் போராட்டம் நிற்காது என்று தெரிந்து வ.உ.சி. தொழிலாளர் குடும்பங்களுக்கு நிதி திரட்டினார். அந்த அளவுக்குத் தொழிலாளியோடு மோதிய நிர்வாகத்தின் வழியில் வந்தவர்களே, பிற்காலத்தில், வீட்டைத் தொழிலாளிக்கே விட்டுக்கொடுக்கும் திட்டத்துக்கு வந்தார்கள். போராட்டம் சொல்லிக்கொடுத்த பாடமா, நிலையாகத் தங்குகிற ஆள் வேண்டும் என்ற கணக்கா? இரண்டும்தான் என்பது என் அபிப்பிராயம்.

விளைவைப் பாருங்கள். ஹார்விபட்டி தனிப் பேரூராட்சியாக வளர்ந்து, 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. ஆலை கைமாறி, மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறி, ஆள் குறைந்து போனது. ஊர் போகவில்லை. மில்லில் இருந்தவரின் பேரப்பிள்ளைகள் அங்கே மாடி எடுத்துக் கட்டுகிறார்கள், அடகு வைத்துப் படிக்கப் போகிறார்கள், விற்கிறார்கள், வாங்குகிறார்கள். பழைய வீட்டின் முகப்பு மறைந்துவிட்டதே என்று கட்டடக் கலை ஆர்வலர்கள் வருத்தப்படலாம். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் தன் வீட்டை இடித்துக் கட்டுகிற உரிமை தொழிலாளி குடும்பத்துக்கு இருக்கிறதே, அதற்கு முன்னால் அந்த வருத்தம் சின்னது.

இப்போது நம் ஊரை ஒட்டிய மேற்குமலைத் தொடரில் தெற்கே வாருங்கள், மாஞ்சோலைக்கு. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன், பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் காட்டை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள் எழுந்தன. கீழேயிருந்தும் கேரளத்திலிருந்தும் கூட்டிப்போன குடும்பத்தினர் காட்டை வெட்டித் தேயிலை போட்டார்கள், லைன் வீடுகளில் குடியேறினார்கள். விடுதலை வந்தது, ஜமீன் ஒழிந்தது, குத்தகை ஒழியவில்லை. 1988இல் அந்த மலையைச் சுற்றிக் களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்தது. 1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும், கைதான தொழிலாளர்களை விடுவிக்கக் கோரியும் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். கைக்குழந்தையும் அதில் உண்டு. இந்தக் கூட்டத்தில் அந்த நாளை மறக்காதவர்கள் பலர் இருப்பீர்கள்.

குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்பாகவே, 2024இல், கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து வேலையை நிறுத்தியது. வேலை நின்றதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். நான்கு தலைமுறை. தாத்தாவின் கல்லறை மேலே, பேத்தியின் ரேஷன் கார்டு விலாசம் மேலே, கோயில் மேலே, சர்ச் மேலே, பள்ளிக்கூடம் மேலே. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. தேயிலைத் தோட்டத்தை அரசு எடுத்து நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளைச் செய்யச் சொன்னது. கீழே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீடுகளில் இடம் ஒதுக்குவது அதில் ஒன்று.

காடு காடாகத் திரும்ப வேண்டும் என்கிற வாதத்தை நான் மதிக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, 2021இல் நம் தலைக்கு மேலேயே புலிகள் காப்பகம் வந்த பிறகு, காடும் தண்ணீரும் எவ்வளவு பெரிய சொத்து என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என் மனசு ஆறாதது வேறு விஷயத்தில். 1929இல் எழுதிய குத்தகைப் பத்திரத்தில் ஜமீன் ஒரு தரப்பு, கம்பெனி ஒரு தரப்பு. காட்டில் அட்டைக் கடியும் காய்ச்சலும் தாங்கி அந்தப் பத்திரத்துக்கு மதிப்பு உண்டாக்கியவர்களின் பெயர் அதில் எங்கேயும் கிடையாது. ஜமீனுக்குக் குத்தகைப் பணம் கிடைத்தது, கம்பெனிக்கு லாபம் கிடைத்தது, அரசுக்குக் காடு கிடைக்கப்போகிறது. அந்த மக்களுக்கு மலைமேல் ஒரு சென்ட் கூட மிஞ்சவில்லை. ஹார்விபட்டியில் நடந்தது மாஞ்சோலையில் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், நிலமே கம்பெனியுடையது இல்லை, எப்படிக் கொடுக்கும் என்பார்கள். சட்டப்படி அது சரியான பதில். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், முதலாளி வீடு கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. வேலைக்காலம் முடிந்த பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பதற்கு அதில் வழி இருக்கவில்லை. அந்த இடைவெளியில் விழுந்தவர்கள்தான் மாஞ்சோலைக்காரர்கள்.

சட்டம் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், கம்பெனி குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு அவசியம் தெரிந்திருக்க வேண்டியது. 1956 கம்பெனிகள் சட்டத்தின் 630ஆம் பிரிவு, கம்பெனி சொத்தைத் தவறாகப் பிடித்து வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. வேலையை விட்ட பிறகும் வீட்டை விடாதவர் மேலும் இது பாயும் என்று உச்ச நீதிமன்றம் 1987இல் சொன்னது. செத்துப்போன ஊழியரின் வாரிசுகளையும் பிடிக்கும் என்று 1995இல் சொன்னது. சாதாரண வாடகைத் தகராறென்றால் சிவில் வழக்கு. கம்பெனி வீடென்றால் கிரிமினல் வழக்கு. 2013 சட்டத்தில் இதுவே 452ஆம் பிரிவாக வந்தது. 2020இல் ஒரு திருத்தம் சேர்த்தார்கள்: பி.எஃப்., கிராஜுவிட்டி போன்ற பாக்கியைக் கம்பெனி கொடுக்காமல் வைத்திருந்தால், குடியிருக்கும் வீட்டை விடவில்லை என்பதற்காகச் சிறைத்தண்டனை விதிக்கக் கூடாது. நல்ல திருத்தம், மிகத் தாமதமாக வந்த திருத்தம். ஆலை மூடி, பாக்கியும் வராமல், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் மட்டும் வந்தால் யாரும் பயந்து ஓடிவிடாதீர்கள். அந்த ஒரு வரியை வக்கீலிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

அடுத்து நான் பேச வேண்டியது இன்றைய நிலைமை. நம் தென்மாவட்டங்களின் நூற்பாலைகள் வீடு கட்டுவதை விட்டுப் பல காலமாயிற்று, ஹாஸ்டல் கட்டின. பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்பிள்ளைகளை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொன்ன சுமங்கலித் திட்டம் எல்லோருக்கும் தெரியும். கேம்ப் கூலி என்ற பேரே வந்துவிட்டது. வெளியே போக வேண்டுமென்றால் வார்டன் கூட வர வேண்டும், வீட்டுக்குப் போனில் பேச நேரம் குறித்திருப்பார்கள். 2014இல் தமிழ்நாடு அரசு பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்தத் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. பழைய கம்பெனி வீட்டில் எத்தனை குறை இருந்தாலும், அங்கே குடும்பம் இருந்தது. வயசான அம்மாவுக்கு ஒரு மூலை, விருந்தாளிக்கு ஒரு பாய், வாசலில் ஒரு முருங்கை. ஹாஸ்டலில் கொடுப்பது ஒரு கட்டிலும் ஒரு பூட்டுப் பெட்டியும். குடும்பத்தைக் கழித்துவிட்டு உழைப்பை மட்டும் குடிவைக்கிற ஏற்பாடு அது.

அதற்காக விடுதியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2021 டிசம்பரில், ஐபோன் தயாரிக்கும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தோழிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். பிறகு ஒரு மாற்றமும் வந்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை, ரூ.706.50 கோடியில் சிப்காட் கட்டித் திறந்தது. கட்டியது அரசு நிறுவனம், வேலை கொடுப்பது தனியார். கூரையும் கூலியும் வேறு வேறு கையில் இருப்பது முன்னேற்றம்தான். ஆனால் கல்யாணமான பிறகு அந்தப் பெண் எங்கே இருப்பாள்? அதற்கும் அந்த வளாகத்தில் இடம் வேண்டும். அரசு இதை எப்படியும் யோசித்தாக வேண்டும், ஏனென்றால் கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுப் போகிற ஆயிரக்கணக்கான பெண்களோடு தொழில் பயிற்சியும் சேர்ந்தே வெளியே போகிறது.

கடைசியாக, மறுபடி ராஜபாளையத்துக்கே வருகிறேன். இந்த ஊரில் ஒருவர் தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். சென்னை மாகாண முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா. காந்தி கலை மன்றம் அப்படி வந்ததுதான். ஒரு தலைவரின் வீட்டுக்கு நாம் காட்டுகிற மரியாதையில் ஒரு பங்கையாவது தொழிலாளி வாழ்ந்த வீட்டுக்கும் காட்ட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விக்கிரமசிங்கபுரத்திலோ, ஹார்விபட்டியிலோ, ஆர்.ஆர். நகரிலோ, வேறெந்த ஆலைக் குடியிருப்பிலோ உங்கள் உறவுக்காரர்கள் இருந்திருப்பார்கள். அவர்களிடம் வாடகைப் பிடித்தம் போட்ட பழைய சம்பளச் சீட்டு, வீட்டு ஒதுக்கீட்டு உத்தரவு, தவணை கட்டிய ரசீது, வாசலில் நின்று எடுத்த கல்யாணப் போட்டோ, எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் இருக்கச் சொல்லுங்கள். வீட்டின் நீள அகலத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து, எங்கே அடுப்பு, எங்கே தண்ணீர்த் தொட்டி, யார் எங்கே படுத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கல்லூரி மாணவர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு வீடு எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் நிற்கிறேன். எந்தத் தெரு, எந்த வீடு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள், யாரை முதலில் பார்க்கலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்.